மொறிஸ் மைனருக்கு இன்ஜெக்சன் போடுமுன் பம்பைப் பற்றிக் கொஞ்சம்

"தம்பி, என்ர மைனரில முந்தியே கரண்ட் பம்ப்தானே இருக்கு, பிறகென்ன புதுசா?"

பெற்றோலைக் காற்றோடு கலக்கிற காபரேற்றரைக் கழற்றிவிட்டு, பெற்றோலை அமுக்கத்தோடு பீச்சுகிற இன்ஜெக்சன் போடவேண்டும் என்று வருகிறவர்கள் பலர் இதைத்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். மொறிஸ் மைனரின் திறப்பைத் திருப்பியதும் பொனற்றுக்குள் டக் டக் என்று அடித்து, கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துபோகிற அந்த எஸ்.யு. கம்பனிப் பம்ப் மின்சாரத்தில் ஓடுவதுதான். ஒஸ்ரின் ஏ40 போன்ற கார்களிலோ எஞ்சினின் பக்கத்தில் பூட்டிய பம்ப், எஞ்சின் சுற்றினால் மட்டும் வேலை செய்யும். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்: காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தை நிரப்புவது. கிண்ணம் நிரம்பினால் ஊசி வால்வு மூடும், பம்ப் சும்மா இருக்கும். இதற்கு 2, 3 பி.எஸ்.ஐ. அமுக்கம் போதும்.

இன்ஜெக்சனுக்கு 43 பி.எஸ்.ஐ. வேண்டும், அதாவது 3 பார். காபரேற்றர் இருந்த இடத்திலேயே பூட்டுகிற சில கிற்றுகள் (இன்ஜெக்சன் சாமான் தொகுதிகள்) 58 கூடக் கேட்கும். கார் ரயருக்கு நாங்கள் அடிக்கிற காற்றைவிட இது அதிகம். அதுவும் காற்று அல்ல, பெற்றோல். எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் இந்தப் பம்ப் நிற்காமல் ஓடும். எஞ்சின் எடுத்தது போக மிச்சத்தை, அமுக்கத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றர் தாங்கிக்குத் திருப்பி அனுப்பும். ஆகவே பம்பை மாற்றுவது என்பது ஒரு சாமானைக் கழற்றி இன்னொன்றைப் பூட்டுகிற வேலை அல்ல. தாங்கியில் தொடங்கி எஞ்சின் வரைக்கும் குறைந்த அமுக்கத்துக்கென்று செய்த எல்லாவற்றையும் மாற்றவேண்டும்.

வன்னியில் இப்படியான கார்கள் இப்போது அதிகம் கலியாண வீடுகளுக்குத்தான் ஓடுகின்றன. கனடாவில் இருந்து விடுமுறைக்கு வருகிற மருமகன் ஒரு கிற்றை வாங்கிக்கொண்டு வருவார். இல்லாவிட்டால் யாராவது கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் யப்பான் கார் ஒன்றின் பம்பைப் பார்த்து எடுத்து வருவார்கள். சாமான் நல்லதாக இருக்கும். பூட்டுகிற விதத்தில்தான் வில்லங்கம்.

முல்லைத்தீவுப் பக்கம் இருந்து ஒரு மைனர் வந்தது. "பெற்றோல் மணக்குது, மாப்பிள்ளை பொம்பிளை மூக்கைப் பொத்துகினம்" என்றார் காரின் சொந்தக்காரர். வேறொரு கராஜில் வேலை செய்தது. பழைய எஸ்.யு. பம்ப் இருந்த அதே இடத்தில், எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், யப்பான் காரின் தாங்கிக்குள் இருந்து உருவிய பம்ப் ஒன்றைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். ஹோஸ் சாதாரண ஹோஸ். அதை இறுக்கியிருந்தது துளைகள் வெட்டிய திருகுக் கிளிப். கிளிப்பைத் தளர்த்திப் பார்த்தால் ஒவ்வொரு துளைக்குள்ளும் றப்பர் பிதுங்கி, துருவல் போல நூல் நூலாக வெட்டுப்பட்டிருக்கிறது. அந்த வெட்டு வழியாகப் பெற்றோல் கசிந்து துளி துளியாக இறங்குகிறது. மைனரின் எஞ்சினில் பெற்றோல் உள்ளே போகிற பக்கமும் புகை வெளியே வருகிற பக்கமும் ஒன்றுதான். துளி விழுந்த இடத்துக்குக் கிட்டவே எக்ஸோஸ்ற் இரும்பு, ஓடி வந்த சூட்டோடு. அந்தக் கார் எரியாமல் கராஜ் வரைக்கும் வந்தது அவர்கள் செய்த புண்ணியம்.

அதில் பிழை ஒன்றல்ல. இன்ஜெக்சன் பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோம்பேறி. அதனால் அதைத் தாங்கிக்குப் பக்கத்தில், தாங்கியின் அடிமட்டத்துக்குச் சரியாகவோ அதைவிடப் பதிவாகவோ வைக்கவேண்டும், பெற்றோல் தானாக ஓடிவந்து சேர்கிற மாதிரி. பொனற்றுக்குள் வைத்தால் காரின் முழு நீளத்துக்கும் உறிஞ்சவேண்டும். சித்திரை வெயிலில் உறிஞ்சுகிற குழாயில் பெற்றோல் ஆவியாகும். பம்ப் ஆவியைத் தள்ளத் தெரியாமல் கத்தும், கார் மாங்குளச் சந்தியில் நிற்கும். தாங்கிக்குள் வைக்கவென்று செய்த பம்பை வெளியில் பூட்டுவதும் கூடாது. அது பெற்றோலுக்குள் மூழ்கியிருந்து சூடு ஆறுகிற சாதி. பல கார்களில் ரெகுலேற்றரும் அந்தப் பம்பின் பிளாஸ்ரிக் கூட்டோடுதான் வரும். மோட்டரை மட்டும் உருவி எடுத்தால் அமுக்கத்தைக் கட்டுப்படுத்த ஒன்றும் இல்லை, ஏறிக்கொண்டே போகும்.

ஹோஸ் வாங்கும்போது அதன் முதுகில் அச்சடித்திருப்பதை வாசியுங்கள். எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 (SAE J30 R7) என்ற தரக் குறி இருந்தால் காபரேற்றர் வண்டிக்கானது. ஆர்9 என்றிருக்கவேண்டும். தாங்கிக்குள் மூழ்கிக் கிடக்கிற துண்டுக்கு ஆர்9 கூடச் சரிவராது, அதற்கு ஆர்10 என்று தனியாக இருக்கிறது. எழுத்தே இல்லாத ஹோஸை எந்தக் கடைக்காரர் சத்தியம் பண்ணித் தந்தாலும் வேண்டாம். கிளிப் ஓரம் மடிந்த, துளையில்லாத இன்ஜெக்சன் கிளிப்பாக இருக்கட்டும். நீளமான ஓட்டத்துக்கு இரும்புக் குழாய், அசைகிற இடங்களில் மட்டும் ஹோஸ். சைலன்சர் குழாய் போகிற பக்கத்தில் இதைக் கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது தாங்கி. எங்கள் ஊர்க் கார்களுக்கென்று ஒரு சரித்திரம் இருக்கிறது. 90களில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் இவற்றில் பல மண்ணெண்ணெயில் ஓடியவை. காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் சமாளித்தோம். அதன்பின் வருடக்கணக்காக மரத்துக்குக் கீழ் கிடந்தவையும் உண்டு. அந்தத் தாங்கிகளின் அடியில் பிசினும் துருவும் ஒட்டிக் கிடக்கும். காபரேற்றர் அதை ஓரளவு பொறுத்துக்கொண்டது. பெற்றோலைப் பீச்சுகிற இன்ஜெக்ரரின் துளைக்குள் ஒரு துகள் போனால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. ஆகவே பம்புக்கு முன்னால் 100 மைக்ரோன் அளவில் ஒரு வலை வடி (பில்ற்றர்), பின்னால் 10 மைக்ரோன் அளவில் நுண்ணிய வடி. நுண்ணியதை முன்னால் போட்டால் பம்ப் இழுக்க முடியாமல் செத்துப்போகும். தாங்கியைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே வைத்தால் மறுநாளே உள்ளே செம்மஞ்சளாகத் துரு பூக்கும். உடனே காற்றடித்துக் காயவைக்கவேண்டும்.

திரும்பி வருகிற குழாய்க்குத் தாங்கியில் ஒரு வாய் வைக்கவேண்டிவரும். இங்கேதான் ஆட்கள் வெல்டிங் கடைக்கு ஓடுகிறார்கள். பெற்றோல் நிரம்பிய தாங்கியைவிட வெறும் தாங்கி ஆபத்து, உள்ளே நிற்பது ஆவியும் காற்றும் கலந்த கலவை. "கழுவிப்போட்டன் அண்ணை" என்று சொல்கிறவரை நம்பி ஒரு பொறிகூட விழவிடாதீர்கள். நான் அளவுமானி பூட்டியிருக்கிற மூடித்தகட்டைக் கழற்றி வெளியே எடுத்து, அதில் வாயைப் பொருத்தித் திரும்பப் பூட்டுவேன். தாங்கியில் நெருப்பு வைக்கவே தேவையில்லை.

பழைய தாங்கிக்குள் பெரும்பாலும் தடுப்புத் தகடு இராது. வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கினால் பம்ப் காற்றை விழுங்கும், எஞ்சின் இருமும். காபரேற்றரின் கிண்ணம் அந்த இடைவெளியை மறைத்துவிடும், இன்ஜெக்சன் மறைக்காது. சின்னச் சேமிப்புக் குடுவை ஒன்றைப் போட்டு, சாதாரண பம்ப் அதை நிரப்ப, அமுக்கப் பம்ப் அதற்குள் இருந்து எடுக்கிற மாதிரி செய்யலாம். செலவு கூடும். வேண்டாம் என்றால் தாங்கியைக் கால்வாசிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

வயரிங்கில் முதலில் ஒன்றைப் பாருங்கள். இந்தக் கார்களில் பற்றரியின் பொசிற்றிவ்தான் பொடியில் ஏர்த். இன்ஜெக்சன் கொம்பியூட்டருக்கு நெகற்றிவ் ஏர்த்தாக இருக்கவேண்டும். மாற்றாமல் கொடுத்தால் கொம்பியூட்டர் போகும், பம்ப் எதிர்ப்பக்கம் சுற்றும். பற்றரியைச் சார்ஜ் பண்ணுகிற பழைய டைனமோவும் தாங்காது. லூக்காஸ் கம்பனியின் சி40 வகை டைனமோ 22 அம்பியர் தரும், அதுவும் எஞ்சின் வேகமாக ஓடினால்தான். பம்ப் மட்டும் 5 முதல் 8 அம்பியர் வரை தின்னும். இரவில் லைற்றும் போட்டால் கணக்கு உதைக்கும். டைனமோவுக்குப் பதிலாகக் கூடுதல் கரண்ட் தருகிற அல்ரனேற்றர் போடாமல் இந்த வேலையைத் தொடங்கவேண்டாம். பம்புக்குப் பற்றரியில் இருந்து பியூஸ், ரிலே (கரண்டால் இயங்குகிற சுவிச்) வழியாகத் தடித்த வயர் போகவேண்டும். எஞ்சின் ஓடும்போது பம்பின் முனையிலேயே மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள். பற்றரியில் உள்ளதைவிட அரை வோல்ற்றுக்கு மேல் குறைந்தால் வயர் மெலிவு, அல்லது ஏர்த் சரியில்லை.

ரிலேயை இயக்குவது திறப்பு அல்ல, கொம்பியூட்டர். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கவேண்டும், அதுதான் காரணம். ஏ9 வீதியில் இரவில் மாடுகள் படுத்துக் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். மோதிக் குழாய் அறுந்து, எஞ்சின் நின்று, திறப்பு மட்டும் ஓனில் இருந்தால், நேரடியாக வயர் கொடுத்த பம்ப் உடைந்த குழாய் வழியாகப் பெற்றோலைப் பீச்சிக்கொண்டே இருக்கும். இடித்தால் தானாக அறுக்கிற இனேர்ஷியா சுவிச்சையும் சேர்த்துப் போடுங்கள். பழைய கார்களில் இருந்து கழற்றியதாகக் கிடைக்கும்.

நீங்களே சோதிக்கலாம். எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணாமல் திறப்பை மட்டும் ஓனில் விடுங்கள். பம்ப் ஒரு இரண்டு செக்கன் உறுமிவிட்டு அமைதியாகவேண்டும். தொடர்ந்து உறுமினால் வயர் நேரடியாகக் கொடுத்திருக்கிறார்கள், செய்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோங்கள். அந்த இரண்டு செக்கனுக்குப் பிறகு டோர்ச்சோடு ஒவ்வொரு குழாய் இணைப்பையும் வெள்ளைக் கடதாசியால் துடைத்துப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஸ்ரார்ட் பண்ணக்கூடாது. பிறகு ஒரு காலத்தில் வடி மாற்றப்போனால், எஞ்சின் நிறுத்திய பிறகும் குழாய்க்குள் அமுக்கம் நிற்கும் என்பதை மறக்கவேண்டாம். பம்பின் பியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, குழாய் இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டுதான் தளர்த்தவேண்டும்.

இவ்வளவையும் செய்ய மனமில்லை என்றால் காபரேற்றரே போதும். ஊசியும் ஜெற்றும் மாற்றி, பழைய எஸ்.யு. பம்பின் பொயின்ற்றை (மின் தொடுமுனையை)த் துப்புரவாக்கினால் கலியாண ஊர்வலத்துக்கு மைனர் மணியாக ஓடும். என்னிடம் வருகிறவர்களில் பலரை இப்படித்தான் திருப்பி அனுப்புகிறேன், வருமானம் போனாலும். போடுவதாகத்தான் தீர்மானம் என்றால் முன் சீற்றுக்குக் கீழே பவுடர் வகைத் தீயணைப்புச் சிலிண்டர் ஒன்றையும் பூட்டச் சொல்லுங்கள். தண்ணீர்ப் போத்தல் பெற்றோல் நெருப்புக்கு உதவாது.