உலங்கு வானூர்தி: சொல்லும் பொருளும்

ஹெலிகாப்டரை 'ஹெலி', 'காப்டர்' என்று உடைத்துத்தான் எல்லோரும் சொல்கிறோம். 'ஹெலிபேட்' பிறந்ததும் அப்படித்தான். ஆனால் சொல் பிரியும் இடம் வேறு. கிரேக்கத்தில் 'ஹெலிக்ஸ்' என்றால் திருகுச்சுருள், 'ப்டெரோன்' என்றால் இறக்கை. 1861இல் இரண்டையும் ஒட்டியவர் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் த போன்தோன் தமேகூர். நீராவியால் இயங்குமாறு அவர் செய்த மாதிரி ஊர்தி தரையை விட்டு எழும்பவே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

சரி, தமிழில்? ஈழத்து ஏடுகளில் 'உலங்கு வானூர்தி' நன்றாகவே புழங்குகிறது. பழைய அகராதிகளில் உலங்கு என்றால் பெருங்கொசு. அந்தரத்தில் இரைந்துகொண்டு நிற்கும் ஊர்திக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. கிரேக்கத்தை அப்படியே பெயர்த்தால் 'திருகிறக்கை' என்று வரும், யாருக்கும் விளங்காது.

விமானத்தின் இறக்கை தூக்கு விசை பெற விமானமே ஓடியாக வேண்டும். ஹெலிகாப்டரில் இறக்கை மட்டும் சுழன்றால் போதும், ஓடுபாதை தேவையில்லை. 1944இல் பர்மாக் காட்டில் சிக்கிய ஒரு விமானியையும் காயம்பட்ட வீரர்கள் மூவரையும் ஒரு சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர் மீட்டது. அதில் ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம் என்பதால், ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார்கள்.

ஆபத்தும் அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. மேல் விசிறி ஒரு பக்கம் சுற்ற, உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வால் விசிறி. அது பழுதானால் ஊர்தி தட்டாமாலை சுற்றத் தொடங்கும். எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழும் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படியில்லை. விமானி உடனே இறக்கைகளின் கோணத்தைக் குறைத்தால், இறங்கும் வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்றும். தரையை நெருங்கும்போது கோணத்தைக் கூட்டி மெதுவாக இறக்கிவிடலாம். ஆனால் தாழ்வாக, வேகமின்றி நிற்கும்போது எஞ்சின் நின்றால் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது. மீட்புப் பணியில் பெரும்பாலும் அப்படித்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், தரையில் நிற்பவர்களுக்கும் ஆபத்து உண்டு. சுழலும் வால் விசிறி கண்ணுக்கே தெரியாது, அதனால் பின்பக்கமாகப் போகவே கூடாது. சரிவான இடத்தில் இறங்கியிருந்தால் மேட்டுப் பக்கத்திலிருந்தும் நெருங்கக் கூடாது. அங்கே மேல் விசிறி தலை உயரத்துக்கே வந்துவிடும். விமானி பார்த்துச் சைகை காட்டிய பிறகு, பள்ளத்துப் பக்கமிருந்து குனிந்து போக வேண்டும், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.