சின்டரிங் என்பது புடமிடல் அல்ல

"புடமிடும் ஆலைகளில் காற்று மாசுக் கட்டுப்பாடு" என்று ஒரு தலைப்பைப் பார்த்தேன். இரும்புத்தாதுத் தூளைச் சுட்டுக் கட்டியாக்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் சின்டரிங் என்று பெயர். எஃகுத் தொழிலைப் பற்றிய தமிழாக்கங்களில் அதற்கு இந்தப் புடமிடல் தலைகாட்டுவது இது முதல் முறையல்ல. கேட்க நன்றாக இருக்கிறது. அதனாலேயே ஒட்டிக்கொண்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சின்டர் (sinter) ஜெர்மன் சொல். இரும்பு வேலையில் மிஞ்சும் கசடு, காய்ச்சிய இரும்பை அடிக்கையில் உதிரும் செதில் ஆகியவற்றைக் குறித்தது. எரிந்து அடங்கிய கரிக்கட்டிக்கு ஆங்கிலேயர் சொல்லும் சின்டரும் (cinder) இதன் உறவுதான். அதன் எழுத்துக்கூட்டல் மட்டும் சாம்பலுக்கான பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்து மாறிப்போனது. நம்மிடம் இரும்புக் கசடுக்குச் சிட்டம் என்ற சொல் இருக்கிறதே, அதிலிருந்துதான் சின்டர் போனது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒலி ஒப்புமையை வைத்து வேர் காட்டுவது இப்போது ஒரு குடிசைத்தொழிலாகவே ஆகிவிட்டது.

ஆலையில் நடப்பது என்ன? இரும்புத்தாதைத் தூளாக ஊதுலைக்குள், அதாவது தாதிலிருந்து இரும்பை உருக்கிப் பிரிக்கும் உலைக்குள், கொட்ட முடியாது. காற்றுப் போகும் வழியெல்லாம் அடைத்துக்கொள்ளும். அதனால் தாதுத்தூள், கோக் எனப்படும் சுட்ட நிலக்கரியின் பொடி, சுண்ணாம்புக்கல் எல்லாவற்றையும் நீர் தெளித்துக் கலந்து, நகரும் கம்பித்தட்டின் மேல் படுகையாகப் பரப்புகிறார்கள். மேற்பரப்பில் தீ வைத்து, அடியிலிருந்து விசிறியால் காற்றை உறிஞ்சுகிறார்கள். பீடியை இழுக்க இழுக்கக் கங்கு நகர்வதுபோல, தீ மேலிருந்து கீழே இறங்குகிறது. சுமார் 1300 டிகிரி செல்சியஸில் துகள்களின் ஓரங்கள் மட்டும் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. முழுதாக உருகுவதில்லை. கடைசியில் கிடைப்பது துளைகள் நிறைந்த கட்டி. அதை உடைத்து, ஆற்றி, சலித்து உலைக்கு அனுப்புகிறார்கள்.

இப்போது புடத்துக்கு வருவோம். சித்த மருத்துவத்தில் சரக்கைச் சாறு விட்டு அரைத்து, வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் இட்டு மூடி, சீலைமண் பூசி, வறட்டி அடுக்கி எரிக்கிறார்கள். கிடைப்பது பற்பம் அல்லது செந்தூரம், அதாவது விரலிடுக்கில் ஒட்டும் அளவுக்கு நுண்ணிய பொடி. சின்டரிங்கிலோ பொடியைக் கட்டியாக்குகிறார்கள். இரண்டிலும் நெருப்பு இருக்கிறது என்பதைத் தவிர, முடிவு நேர் எதிர்.

அதைவிடப் பெரிய கோளாறு, புடம் மூடி வைத்துச் செய்வது. சின்டரிங்கின் உயிரே படுகையின் ஊடே இழுக்கப்படும் காற்றில் இருக்கிறது. ஒரு டன் சின்டருக்கு ஏறத்தாழ 1500 முதல் 2500 கன மீட்டர் கழிவுவாயு வெளியேறுகிறது. அது தூசியையும், கோக்கிலிருந்து வரும் கந்தக டையாக்சைடையும், நைட்ரஜன் ஆக்சைடுகளையும், படுகையிலேயே உண்டாகும் டையாக்சின்கள் என்ற நச்சுப்பொருள்களையும் அள்ளிக்கொண்டு புகைபோக்கிக்குப் போகிறது. புடமிடல் என்று படிப்பவருக்கு இத்தனை புகை எங்கிருந்து வருகிறது என்பதே விளங்காது. போதாக்குறைக்கு, புடம் போட்ட பொன் என்றால் நமக்கு மாசு நீங்கியது என்று பொருள். எஃகாலையில் மிக அதிகமாகப் புகை கக்கும் பகுதிகளில் ஒன்றுக்கு இப்படி ஒரு புனிதப் பெயர்! இதைத் தூய தமிழ் என்று வேறு சொல்கிறார்கள். புடம் வடசொல்வழி வந்தது என்றே அகராதி காட்டுகிறது. எனக்கு அது ஒரு குறையல்ல. அவர்களுக்குத்தான் குறையாக இருக்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகர எஃகாலையைப் பாருங்கள். 1993இல் கழிவுவாயுவை நீரால் கழுவும் முறையைக் கொண்டுவந்தார்கள். 2005இல் வாயுவின் ஒரு பகுதியைத் திரும்பவும் படுகைக்கே செலுத்தி, வெளியேறும் அளவைக் குறைத்தார்கள். 2007இல் உலர் முறைக்கு மாறினார்கள்: கந்தகத்தைப் பிடிக்கச் சுண்ணாம்பு போன்ற காரப்பொடி, டையாக்சினைப் பிடிக்கக் கரிப்பொடி, இரண்டையும் வாயுவில் தூவிவிட்டுத் துணிப்பைகளில் வடிகட்டுவது. எல்லாமே உறிஞ்சிய காற்றை என்ன செய்வது என்ற ஒரே கேள்விக்கான விடைகள். அந்தக் காற்றை மறைக்கும் சொல்லை வைத்துக்கொண்டு இதை எப்படி எழுதுவது?

உருக்கல் என்பாரும் உண்டு. உருகாததை உருக்கல் என்பது ஒருபுறம் இருக்க, உருக்காலை என்ற பெயர் முழு எஃகாலைக்கும் சேலத்தில் எப்போதோ போய்விட்டது. பற்றவைப்பு என்றால் வெல்டிங். சிட்டம் பொருந்தும்போலத் தெரிந்தாலும் அது கழிவு. இதுவோ உலைக்கு உணவு. உருண்டை என்பதை, தாதுத்தூளை உருட்டிச் சுடும் பெல்லட்டுக்கு விட்டுவைக்க வேண்டும்.

நான் எழுதுவது சுட்டுக்கட்டியாக்கல். விளைபொருள் சுட்டகட்டி. சூட்டுக்கட்டி நினைவுக்கு வருகிறது என்று ஒரு நண்பர் சிரித்தார். சிரிக்கட்டும், பொருள் விளங்கிவிட்டதல்லவா? பேச்சில் சின்டர் என்றே சொன்னாலும் குடி முழுகிவிடாது. பொருள் திரியாத கடன்சொல், பொருள் திரிந்த தமிழ்ச்சொல்லைவிட எனக்கு உவப்பானது.

இதே தமிழாக்கங்களில் புகையிலிருந்து தூசியைப் பிரிக்கும், ஈ.எஸ்.பி. என்று ஆலைக்காரர்கள் சொல்லும் கருவிக்கு நிலைமின் வீழ்படிவாக்கி என்று போடுகிறார்கள். பாடநூலே அப்படித்தான் சொல்கிறது. வீழ்படிவு என்றதும் பள்ளியில் படித்தவருக்குக் கரைசலின் அடியில் தங்கும் படிவுதான் நினைவுக்கு வரும். இங்கே தூசி மின்னேற்றம் பெற்றுத் தகட்டில் ஒட்டுகிறது. பிறகு தட்டி உதிர்க்கிறார்கள். மின் தூசிபிடிப்பான் என்றால் போதும். சின்டர் தூசியிலுள்ள நுண்ணிய பொட்டாசியம் குளோரைடு அந்தத் தகட்டில் மின்தடையான படலமாகப் படிந்து கருவியையே திணற வைக்கிறது என்பதை, பிடிப்பது என்ற சொல் இருந்தால் ஒரே வரியில் விளக்கிவிடலாம்.