ஹாட்ரிக்: சொல்லும் பொருளும் தமிழ் வடிவமும்

கால்பந்தாட்டத்தில் ஒரே ஆட்டத்தில் ஒரே வீரர் மூன்று கோல் அடிப்பதை ஹாட்ரிக் என்கிறோம். தமிழ்நாட்டு நாளிதழ்கள் ஹாட்ரிக் என்றும், இலங்கை இதழ்கள் பலவும் ஹெட்ரிக் என்றும் எழுதும் இச்சொல், விளையாட்டுப் பக்கத்தைக் கடந்து தேர்தல் செய்தி, திரைப்பட விளம்பரம் என எல்லா இடத்திலும் பரவிவிட்டது. ஒரு கட்சி அடுத்தடுத்து மூன்று தேர்தல்களில் வென்றாலும், ஒரு நடிகரின் மூன்று படங்கள் வரிசையாக ஓடினாலும் அது ஹாட்ரிக் வெற்றிதான். இவ்வாறு பரவியதில் ‘தொடர்ந்து மூன்று’ என்னும் பொருளே நம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. கால்பந்தாட்டத்திலோ அந்தத் தொடர்ச்சி தேவையில்லை. இச்சொல்லுக்குத் தமிழ் வடிவம் தேடுவோர் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

சொல்லின் பிறப்பிடம் கால்பந்தாட்டம் அன்று, கிரிக்கெட். 1858இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலுள்ள ஹைட் பார்க் மைதானத்தில் நடந்த ஆட்டத்தில், எச். எச். ஸ்டீஃபன்சன் என்ற பந்துவீச்சாளர் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆட்டத்தைக் கண்டவர்கள் பணம் திரட்டி அவருக்கு ஒரு தொப்பி வாங்கிக் கொடுத்தார்கள் என்பதே இச்சொல்லுக்கு வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ‘ஹாட்’ என்பது அந்தத் தொப்பி. ‘ட்ரிக்’ என்பதற்கு இங்கே தந்திரம், ஏமாற்று என்று பொருள் கொள்ளக் கூடாது. பார்ப்பவர் வியக்கும்படி செய்து காட்டும் திறமைச் செயல் என்றே கொள்ள வேண்டும். எனவே ‘தொப்பித் தந்திரம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பொருளைக் கெடுத்துவிடும்.

கிரிக்கெட்டில் மூன்று விக்கெட்டும் அடுத்தடுத்த பந்துகளில் விழ வேண்டும் என்பது கண்டிப்பான நிபந்தனை. கால்பந்தாட்டத்துக்கு வந்தபோது இச்சொல் அந்த நிபந்தனையை விட்டுவிட்டு, மூன்று என்னும் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டது. வீரர் அடிக்கும் மூன்று கோல்களுக்கு இடையில் அவருடைய அணித் தோழரோ எதிரணியினரோ கோல் அடிக்கலாம். ஆட்டத்துக்குள் கிடைக்கும் பெனால்டியில் அடித்ததும், கூடுதல் நேரத்தில் அடித்ததும் கணக்கில் சேரும். ஆட்டம் சமநிலையில் முடிந்தபின் வெற்றியாளரை முடிவுசெய்ய உதைக்கப்படும் பெனால்டிகள் சேரா.

இந்த வேறுபாட்டை 1982 உலகக் கோப்பையில் இத்தாலியின் பாவ்லோ ரோசி பிரேசிலுக்கு எதிராக அடித்த மூன்று கோல்களைப் போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஜூலை 5 அன்று பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில் அந்த ஆட்டம் நடந்தது. சமநிலை கண்டாலே பிரேசில் அரையிறுதிக்குப் போய்விடும். இத்தாலியோ வென்றே தீர வேண்டும். தடைக்காலம் முடிந்து அணிக்குத் திரும்பியிருந்த ரோசி, அத்தொடரில் அதுவரை ஆடிய நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் அடிக்கவில்லை. 5ஆம் நிமிடத்தில் காப்ரினி தூக்கிக் கொடுத்த பந்தைத் தலையால் முட்டி முதல் கோலை அடித்தார். 12ஆம் நிமிடத்தில் சாக்ரட்டீஸ் அதைச் சமன் செய்தார். 25ஆம் நிமிடத்தில் பிரேசில் வீரர் செரெசோ கவனக்குறைவாகத் தள்ளிய பந்தை ரோசி இடைமறித்து, தனியே கொண்டுபோய் அடித்தார். 68ஆம் நிமிடத்தில் ஃபால்காவ் மீண்டும் சமன் செய்தார். அப்போதும் பிரேசில்தான் அரையிறுதியில் இருந்தது. 74ஆம் நிமிடத்தில் கார்னர் உதையிலிருந்து வந்த பந்தை டார்டெல்லி அடிக்க, கோல் அருகே நின்ற ரோசி அதைத் திருப்பி உள்ளே தள்ளினார். 3-2. எந்த இரண்டு கோல்களும் அடுத்தடுத்து வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பிரேசில் பதில் சொன்னது, மூன்றாவதற்கு மட்டும் பதில் இல்லை. உலகக் கோப்பையில் அடிக்கப்பட்ட ஹாட்ரிக்குகளில் இதுவே தலைசிறந்தது என்று நான் கருதுகிறேன். ‘தொடர்ந்து மூன்று கோல்’ என்று இதைத் தமிழில் எழுதினால், அந்த ஆட்டத்தின் உயிரே போய்விடும்.

தொடர்ச்சியை வற்புறுத்துவோரும் உண்டு. ஒரே பாதியில், இடையில் வேறு எவரும் கோல் அடிக்காமல், ஒருவரே மூன்று கோல் அடித்தால்தான் அது மாசற்ற ஹாட்ரிக் என்பது ஜெர்மானிய வழக்கு. 1958 உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராக 17 வயதுப் பெலே அடித்தது இந்த அளவுகோலுக்கும் பொருந்தும்: 52, 64, 75 ஆகிய நிமிடங்களில், இரண்டாம் பாதியில், இடையீடின்றி மூன்று. 2015 மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் அமெரிக்காவின் கார்லி லாய்டு ஜப்பானுக்கு எதிராக அடித்தது இந்த அளவுகோலுக்குச் சற்றே தவறியது. 3, 5, 16 ஆகிய நிமிடங்களில் மூன்றையும் முதல் பாதியிலேயே அடித்துவிட்டார், ஆனால் இடையில் 14ஆம் நிமிடத்தில் அவருடைய அணித் தோழர் லாரன் ஹாலிடே ஒரு கோல் அடித்திருந்தார். அந்த மூன்றாவதை நடுக்கோட்டருகிலிருந்து உதைத்து அடித்தார்.

இன்னொரு அளவுகோல், ஒரு கோல் வலக்காலால், ஒன்று இடக்காலால், ஒன்று தலையால் என்று மூன்று வகையிலும் அடிப்பது. இதை ஆங்கிலேயர் முழுமையான ஹாட்ரிக் என்பர். 1966 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் வெம்பிளி மைதானத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் ஜெஃப் ஹர்ஸ்ட் அடித்தவை இவ்வகையின. முதலாவதைத் தலையால் முட்டினார். வலக்காலால் அடித்த இரண்டாவது, மேல் கம்பத்தின் அடிப்புறத்தில் பட்டுக் கீழே விழுந்தது. பந்து கோட்டைத் தாண்டியதாக அன்றைய சோவியத் நாட்டு எல்லைக்கோட்டு நடுவர் தோஃபிக் பஹ்ராமோவ் கூறவே கோலாக அறிவிக்கப்பட்டது, அந்த வழக்கு இன்றும் ஓயவில்லை. மூன்றாவதை ஆட்டம் முடியும் தறுவாயில் இடக்காலால் அடித்தார். முதல் கோலுக்கும் இரண்டாவதற்கும் இடையில் மற்றவர்கள் அடித்த கோல்கள் இருப்பதால், ஜெர்மானியர் கணக்கில் இது மாசற்றதாகாது. ஹாட்ரிக் அடித்தவரே ஆட்டப் பந்தை எடுத்துச் செல்லும் மரபும் உண்டு. அன்றைய பந்தை ஜெர்மனியின் ஹெல்முட் ஹாலர் கொண்டுபோய்விட்டார். அது இங்கிலாந்துக்குத் திரும்பியது 1996இல்தான்.

ஆடவர் உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் மீண்டும் ஒருவர் மூன்று கோல் அடிக்க 56 ஆண்டுகள் ஆயின. 2022இல் கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கிலியான் எம்பாப்பே 80, 81, 118 ஆகிய நிமிடங்களில் அடித்தார். அவற்றில் இரண்டு பெனால்டி. அதன்பின் வெற்றியை முடிவுசெய்த பெனால்டிகளிலும் அவர் ஒன்றை அடித்தார், அதைச் சேர்த்து நான்கு என்று எவரும் எண்ணுவதில்லை. பிரான்ஸ் தோற்றது.

இந்தியாவுக்கும் இதில் ஓர் இடம் உண்டு என்பதை நம்மவர் பலர் மறந்தே போனார்கள். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே இந்தியா 4-2 என்று வென்றபோது, மூன்று கோல்களை அடித்தவர் நெவில் டிசோசா. ஒலிம்பிக் கால்பந்தாட்டத்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவரே. சையது அப்துல் ரஹீம் பயிற்றுவித்த அந்த அணி நான்காம் இடம் பெற்றது.

இனித் தமிழ் வடிவம். ‘மும்முறை’ என்பது எத்தனை தடவை என்பதைச் சொல்லுமேயன்றி எதை என்று சொல்லாது. ‘தொடர் மூன்று’ ஏன் பொருந்தாது என்பதை ரோசியின் ஆட்டத்தில் கண்டோம். முக்கனி, முத்தமிழ், மும்மாரி என்று மூன்றைத் தொகுத்துச் சொல்லும் வழி நம்மிடம் பழையது. அவ்வழியே ‘முக்கோல்’ என்பதே கால்பந்தாட்டத்துக்குத் தக்கது. கோல் என்பது ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான் என்றாலும், ‘கோல் அடித்தான்’ என்பது தெருவில் பந்து உதைக்கும் சிறுவர் வாயிலும் இயல்பாக வருகிறது. அதை மாற்ற வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. பழந்தமிழில் முக்கோல் என்பது துறவியர் ஏந்தும் மூன்று கோல்களைக் குறித்தது. விளையாட்டுச் செய்தியில் இரண்டும் குழம்ப வாய்ப்பில்லை.

அடைமொழி சேர்ப்பதும் எளிது. பெலே அடித்தது தொடர் முக்கோல். ஹர்ஸ்ட் அடித்தது நிறை முக்கோல். ரோசி, லாய்டு, எம்பாப்பே அடித்தவை வெறும் முக்கோல் என்றாலே போதும். கிரிக்கெட்டுக்கு இச்சொல் செல்லாது. அங்கே ‘தொடர் மூன்று விக்கெட்’ என்பதே தெளிவு. தேர்தல் செய்திக்குச் சிறப்புச் சொல் ஏதும் வேண்டியதில்லை, ‘மூன்றாவது தொடர் வெற்றி’ என்று எழுதினால் எவருக்கும் விளங்கும்.