பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய்: சிக்கல் கலனில் இல்லை, குப்பையில்

பால் கவர் பாலிஎத்திலீனால் ஆனது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த சங்கிலி அது. ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் நீளும். டீசலும் அதே சரக்குதான். ஆனால் அதன் சங்கிலிகளில் பெரும்பாலும் 10 முதல் 20 கார்பன்களே இருக்கும். ஆக, நீளச் சங்கிலியைத் துண்டாடினால் எரிபொருள்.

துண்டாடுவது வெப்பம். காற்றுப் புகாத கலனில் பிளாஸ்டிக்கை 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுகிறார்கள். ஆக்சிஜன் இல்லாததால் அது எரியாமல் உருகி, சிதைந்து, ஆவியாகிறது. ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெயும் மெழுகும் கிடைக்கும். குளிராமல் எஞ்சும் வாயுவைக் கலனின் அடுப்புக்கே எரிபொருளாகத் திருப்பிவிடலாம். நாளொன்றுக்கு 1 டன் பிளாஸ்டிக்கை டீசலாக்கும் ஆலை டேராடூனிலுள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனத்தில் 2019இல் திறக்கப்பட்டது.

பிறகு சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஏன் குப்பை மலைகள் சேர்ந்தன? பிளாஸ்டிக் என்று நாம் ஒரே பெயரில் அழைப்பவை ஒரே பொருள் அல்ல. தெருவோர ஃபிளெக்ஸ் பேனரில் பிவிசி என்ற வகை இருக்கிறது. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூடானதும் அது ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறி, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிக் குழாய்களை அரிக்கும், எண்ணெயையும் கெடுக்கும். பிறந்தநாள் வாழ்த்துப் பேனர் கிழிந்த பிறகும் தொல்லை தருகிறது! தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்கில் ஆக்சிஜன் உண்டு. அது எண்ணெயாவதைவிடத் திடப்பொருளாகிக் குழாயை அடைப்பதே அதிகம். அதைத் துணி நெய்யும் நூலாக்குவதுதான் புத்திசாலித்தனம். இவற்றைப் பிரித்தறியும் கண் காயலான் கடைக்காரரிடம் இருக்கிறது. திட்ட அறிக்கைகள் கலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது அவருக்குத் தர வேண்டும் என்பது என் கட்சி.

எண்ணெய் எடுக்கக்கூடிய இன்னொரு கழிவும் உண்டு. மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலைகளின் கச்சா எண்ணெய்த் தொட்டிகளில் அடியில் தங்கும் கசடு அது, வேறு ரகம். எண்ணெய், தண்ணீர், மண் மூன்றும் பிரிய மறுத்துக் குழம்பிக் கிடக்கும். சூடாக்கி, மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி முதலில் எண்ணெயை மீட்கிறார்கள். எஞ்சும் கனமான பகுதியில் ஹைட்ரஜன் குறைவு. தனியே சிதைத்தால் நிறையக் கரியாகிவிடும். பாலிஎத்திலீனிலோ ஒவ்வொரு கார்பனுக்கும் இரண்டு ஹைட்ரஜன். கசடையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்துச் சிதைக்கும் ஆய்வுகள் அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டப் பார்க்கின்றன. கசடிலுள்ள வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் கரியிலேயே தங்கும். அந்தக் கரியைக் கண்ட இடத்தில் கொட்டக்கூடாது.

கிடைக்கும் எண்ணெயை அப்படியே பஸ்ஸில் ஊற்றவும் முடியாது. அறுபட்ட சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள், அதாவது ஹைட்ரஜன் குறைந்த இடங்கள், மிகுதி. சேமித்து வைத்தால் பிசினாகி வடிகட்டியை அடைக்கும். ஹைட்ரஜன் செலுத்தி அவற்றை நிறைவு செய்தாக வேண்டும். அதற்கு உயர் அழுத்தக் கலன்கள் தேவை. சிறு பட்டறைக்கு அது கட்டுப்படியாகாது. சுத்திகரிப்பு ஆலையிலோ அது அன்றாட வேலை.