சிவப்புத் திரையும் சாய்ந்த பனைமரமும்

கீழக்கரையில் ஒரு கல்யாணம். மூன்று கேமரா, இரண்டு நாள். எடிட்டிங்கைப் பாதி முடித்து வைத்துவிட்டு மறுநாள் காலையில் புராஜெக்டைத் திறந்தால், பார்க்கும் இடமெல்லாம் சிவப்பு. ‘மீடியா ஆஃப்லைன்’. பெண் வீட்டார் அன்று சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

வீடியோ எதுவும் அழியவில்லை என்பது புரிய அரை நாள் ஆனது. எங்கள் அறையில் இரண்டு கம்ப்யூட்டர், நான்கு பேர். முந்தின இரவு ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்த நேரத்தில் யாரோ ஒரு பென் டிரைவைச் செருகியிருக்கிறார்கள். விண்டோஸ் ஒவ்வொரு டிரைவுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைப் பெயராகக் கொடுக்கும். அதுவரை ஹார்ட் டிஸ்க்குக்கு இருந்த ‘ஈ’ என்ற எழுத்தைப் பென் டிரைவ் எடுத்துக்கொண்டது. திரும்ப மாட்டியபோது ஹார்ட் டிஸ்க்குக்கு ‘எஃப்’ கிடைத்தது. நடந்தது அவ்வளவுதான்.

இதற்கு ஏன் படம் முழுக்க மறைய வேண்டும்? புராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ கிடையாது. எந்த ஃபைல், அது எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எந்த நொடியில் வெட்டினோம், என்ன நிறம் ஏற்றினோம் என்ற குறிப்புகள்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான ஜிபி வீடியோவை ஆளும் புராஜெக்ட் ஃபைல் சில எம்பி மட்டும் இருப்பது அதனால்தான்.

என் பெரியப்பா பாம்பனில் நாட்டுப்படகில் போனவர். ஜிபிஎஸ் வராத காலத்தில், மீன் படும் பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, கடலுக்குள் எங்கே இருக்கிறது என்பதைக் கரையைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள். கலங்கரை விளக்கமும் ஒரு பனைமரமும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். வேறொரு பக்கம் இன்னும் இரண்டு அடையாளங்கள் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் வலையை இறக்கலாம். புயலில் அந்தப் பனை சாய்ந்துவிட்டால்? பார் இருந்த இடத்திலேயே இருக்கும், மீனும் இருக்கும். போய்ச் சேரத்தான் வழி தெரியாது. என் புராஜெக்டில் சாய்ந்த பனை அந்த ‘ஈ’ எழுத்து.

சரி, பனையை எப்படிச் சாயாமல் வைப்பது? விண்டோஸில் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்ற இடத்தில் எழுத்தை நாமே கொடுக்கலாம். பென் டிரைவ் எதுவும் எட்டிப் பிடிக்காத ‘எக்ஸ்’ போன்ற கடைசிப் பக்கத்து எழுத்தாகப் பார்த்து, இரண்டு கம்ப்யூட்டரிலும் அதே டிஸ்க்குக்கு அதே எழுத்தைக் கொடுத்தோம். இப்போது எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் முகவரி ஒன்றுதான்.

அடுத்த சிக்கல் அளவு. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவாகும் 4கே வீடியோவை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 எம்பி. நிமிடத்துக்கு 750 எம்பி, மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமராவும் ஐந்து ஐந்து மணி நேரம் ஓடினால் 675 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் ஒரு கல்யாணம்தான் அடங்கும். இடம் போதாதபோது ஆளாளுக்குக் காலியாக இருக்கும் இடத்தில் கொட்டுகிறோம்: கொஞ்சம் டெஸ்க்டாப்பில், கொஞ்சம் ‘டி’ டிரைவில். அதிலும் டெஸ்க்டாப் மோசமான இடம். விண்டோஸில் ஒவ்வொரு பயனருக்கும் டெஸ்க்டாப் தனி. நான் என் கணக்கில் வைத்த பாட்டு, தம்பி தன் கணக்கில் நுழைந்தால் அவனுக்குத் திறக்காது.

கேஷ் ஃபைல்களும் அப்படித்தான். ஒலியின் அலைவடிவம் போன்றவற்றை மென்பொருள் ஒருமுறை தயாரித்து ஓரமாக வைத்துக்கொள்ளும். நாங்கள் எடிட் செய்யும் பிரீமியர் மென்பொருள் அவற்றை வழக்கமாக அந்தந்தப் பயனரின் மறைவான ஃபோல்டரில் போடும். நான்கு பேர் என்றால் நான்கு குவியல், எல்லாம் ‘சி’ டிரைவில். இதைத் தாராளமாக அழிக்கலாம். மூல வீடியோவும் புராஜெக்டும் இருந்தால் கேஷ் தானாகத் திரும்ப உருவாகும், முதல் முறை திறக்க நேரம் பிடிக்கும், அவ்வளவே.

நான் அதிகம் பயப்படுவது பெயர்களுக்கு. இரண்டு கேமராக்கள் ஒரே கம்பெனியுடையவை என்றால் இரண்டிலும் ‘சி0001’ என்ற ஃபைல் இருக்கலாம். ஒரே ஃபோல்டரில் கொட்டினால், கவனிக்காவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிவிடக்கூடும். தப்பித்தாலும், பின்னால் தொலைந்த ஃபைலை மென்பொருள் பெயரை வைத்துத் தேடும்போது, நிக்காஹ் வர வேண்டிய இடத்தில் பந்திக் காட்சி வந்து உட்காரும். அதனால் ஒவ்வொரு மெமரி கார்டுக்கும் தனி ஃபோல்டர், கார்டில் உள்ளதை அப்படியே முழுசாக. பெயரில் ஆண்டு, மாதம், நாள், அப்புறம் கேமரா எண். ஆண்டை முதலில் எழுதினால் ஃபோல்டர்கள் தேதிவாரியாகத் தாமே வரிசையில் நிற்கும்.

ஒரே புராஜெக்டை இரண்டு பேர் இரண்டு கம்ப்யூட்டரில் திறப்பதும் ஆபத்து. கடைசியில் சேமித்தவருடைய வேலை மற்றவருடையதை மூடிவிடும். நாங்கள் பெயரின் கடைசியில் அவரவர் முதலெழுத்தைச் சேர்த்துப் பிரதி எடுத்துக்கொள்கிறோம்.

இப்போதெல்லாம் வேலை பாதியில் இருக்கும்போதே ஒரு சோதனை செய்கிறேன். டிஸ்க்கைக் கழற்றி அடுத்த கம்ப்யூட்டரில் மாட்டி, வேறொருவர் கணக்கில் நுழைந்து புராஜெக்டைத் திறக்கிறேன். எங்காவது ஒரு துண்டு சிவப்பாகத் தெரிந்தால், அந்த ஃபைல் எக்ஸ் டிரைவுக்கு வெளியே எங்கோ கிடக்கிறது. தேடிக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அடுத்த வெட்டு.