சரக்கு வராத பில்

"பெரிய கம்பெனிகளுக்கு வரியைக் குறைச்சுட்டாங்க, நாங்க மட்டும் முழுசா கட்டணுமா ஆடிட்டர்?" மார்ச் வந்தால் சேலம் லீ பஜார் வியாபாரிகள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2019 செப்டம்பரில் மத்திய அரசு, சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு வருமான வரியை 22 சதவீதமாகக் குறைத்தது. அந்த வரிக்கு மேல் போடும் சர்சார்ஜ், செஸ் சேர்த்தால் 25.17. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தும் பார்ட்னர்ஷிப் கடைக்கோ லாபத்தில் 30, செஸ்ஸோடு 31.2. கம்பெனி தன் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபமான டிவிடெண்டுக்குத் தனியாக வரி உண்டு, பார்ட்னருக்கு வரும் லாபப் பங்குக்குக் கிடையாது. அதையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். இருந்தாலும் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே அன்று சொன்னது. முதலீடு பெருகும் என்று சொல்லிக் குறைத்தார்கள். பெருகியதா என்று கேட்க வரி கட்டும் எல்லோருக்கும் உரிமை உண்டு.

என் கவலை வேறு. இந்தக் கோபத்தை வைத்துத்தான் பில் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். "சரக்கு வேண்டாம், பில் மட்டும் தர்றேன். எல்லாரும் பண்றதுதான்" என்று ஆரம்பிப்பார்கள்.

ஒரு லட்சம் ரூபாய்க்கு இரும்பு ஸ்கிராப் வாங்கியதாக ஒரு பில். ஜிஎஸ்டி 18 சதவீதம், அதாவது 18,000 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு: வாங்கும்போது கட்டியதாகக் காட்டி, விற்கும்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகை. வங்கியில் அனுப்பிய பணம், கமிஷன் போக ரொக்கமாகத் திரும்பி வரும். அத்தோடு முடியவில்லை. வராத சரக்கு செலவாக ஏறியதால் லாபமும் ஒரு லட்சம் குறைகிறது. கம்பெனியாக இருந்தால் வருமான வரியில் இன்னொரு 25,000 போச்சு. ஒரே தாளில் இரண்டு திருட்டு. இதை வரிச் சேமிப்பு என்று சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். போலி வரவு ஐந்து கோடியைத் தாண்டினால் ஐந்து ஆண்டு வரை சிறை. வருமான வரியிலோ கணக்கில் எழுதிய பொய்த் தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாக விதிக்கலாம்.

மாட்டிக்கொள்ள மாட்டோம் என்று நினைக்காதீர்கள். சரக்கை அனுப்பும்போது ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லில் லாரி எண் இருக்கிறது. ஓசூரிலிருந்து சேலம் வந்ததாகச் சொல்லும் லாரி ஓமலூர் டோல்கேட்டைத் தாண்டியதா என்பதை ஃபாஸ்டேக் காட்டிவிடும்.

சரி, அந்த பில்லை அடிப்பது யார் பெயரில்? செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு பற்றவைக்கும் கூலித் தொழிலாளி ஒருவர் நோட்டீஸோடு வந்தார். கோடிக்கணக்கில் ஸ்கிராப் விற்றதாக அதில் இருந்தது. 'நிறுவனத்தின்' முகவரி, அவர் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறை. லோன் வாங்கித் தருகிறேன் என்றவரிடம் ஆதார், பான், கரண்ட் பில் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறார். போனுக்கு வந்த ஓடிபியையும் சொல்லியிருக்கிறார். லாபம் பார்த்தவன் எங்கேயோ இருக்க, பதில் சொல்ல இவர் அலைகிறார். மனசு ஆறவில்லை.

உங்கள் பான் எண்ணில் யாராவது ஜிஎஸ்டி பதிவு எடுத்திருக்கிறார்களா என்று ஜிஎஸ்டி தளத்தில் இலவசமாகத் தேடலாம். தெரியாத பதிவு இருந்தால் உடனே ஜிஎஸ்டி துறையின் குறைதீர் தளத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீதை வாங்கி வையுங்கள்.

வியாபாரிகள் புதிதாக ஒருவரிடம் வாங்கும்போது அவருடைய ஜிஎஸ்டி எண்ணைத் தட்டிப் பார்த்து, பதிவு நடப்பில் இருக்கிறதா, ரிட்டர்ன் ஒழுங்காகப் போடுகிறாரா என்று பாருங்கள். அவர் வரி கட்டாவிட்டால், உண்மையாகச் சரக்கு வாங்கிய உங்கள் வரவும் போய்விடும். எடைமேடைச் சீட்டையும் லாரி ரசீதையும் பில்லோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். சந்தேகம் வந்தால், கணக்கில் ஏற்றுவதற்கு முன்னால் உங்கள் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.