குழந்தையின் இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா?

பத்து வயதுச் சிறுமி ஒருத்தி, உயரம் 136 செ.மீ., எடை 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். "வளர்ற புள்ள, கொஞ்சம் பூசினாப்பலதான் இருக்கும்" என்று பாட்டி சொல்லிவிடுவார். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விடை வருகிறது.

கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியெண். இவளுக்கு 21.6. இதே எண் அவளுடைய அம்மாவுக்கு வந்தால் கவலையே வேண்டாம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட அட்டவணைப்படி, பத்து வயதுப் பெண் குழந்தைக்கு நடுமதிப்பு 16.6தான். 19ஐத் தாண்டினால் அதிக எடை, 22.6ஐத் தாண்டினால் உடற்பருமன். ஆக, இவள் அதிக எடைப் பிரிவில் இருக்கிறாள்.

வயதுக்கு வயது எண் ஏன் மாறுகிறது? பிறந்த முதல் ஆண்டில் பி.எம்.ஐ. ஏறும். நடந்து ஓடத் தொடங்கியபின் மெல்ல இறங்கி, ஐந்து ஆறு வயது வாக்கில் அடிமட்டத்தைத் தொட்டு, மறுபடி ஏறும். இந்த இரண்டாவது ஏற்றம் சீக்கிரமே தொடங்கிவிடும் குழந்தைகளுக்குப் பின்னாளில் உடல் பருமனாகும் வாய்ப்பு அதிகம். கொழுகொழுவென்ற குழந்தை நான்கு வயதில் ஒல்லியாகிவிட்டது என்று ஊட்டி ஊட்டி நிரப்பும் பெற்றோர், இயல்பான இறக்கத்தோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

பி.எம்.ஐ.க்கு ஒரு பெரிய குறை உண்டு. எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் பேராசிரியர் ஜான் யட்கினும் 2004இல் தங்களையே அளந்து காட்டினார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இந்த வேறுபாடு பிறக்கும்போதே இருக்கிறது என்பதை யாஜ்னிக் குழுவின் ஆய்வுகள் காட்டின. புனேயில் பிறந்த குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடை குறைவு, தசையும் குறைவு. ஆனால் தோலுக்கடியிலுள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே நம் குழந்தைகளுக்கு எடை மெஷினை மட்டும் நம்புவது போதாது என்பதே என் உறுதியான கருத்து.

வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்புதான் சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் நெருங்கிய சொந்தம். அதைப் பிடிக்க டேப் ஒன்று போதும். இடுப்பளவு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். அந்தச் சிறுமிக்கு 68 செ.மீ.தான் எல்லை. டேப் இல்லாவிட்டால், அவள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் சேராவிட்டால் எல்லை தாண்டிவிட்டது. உயரம் கூடும்போது எல்லையும் கூடவே நகர்வதால், வயதுவாரி அட்டவணை தேவையில்லை. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2022 முதல், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளுக்கு இந்த அளவையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இடுப்பளவை உயரத்தால் வகுத்தால் வரும் எண் 0.5 முதல் 0.59 வரை இருந்தால் ஆபத்து கூடுதல், 0.6 அல்லது அதற்கு மேல் என்றால் மிக அதிகம். ஐந்துக்குக் கீழ் இது பொருந்தாது, சின்னக் குழந்தைகளுக்கு வயிறு இயல்பாகவே முன்தள்ளி இருக்கும்.

அளக்கும் இடம் முக்கியம். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, சட்டையைத் தூக்கி, இயல்பாக மூச்சை விட்ட நிலையில், டேப் சதையை அழுத்தாமல் அளக்க வேண்டும். உயரம் அளக்கச் செருப்பையும் கொண்டையையும் கழற்றி, குதிகால் சுவரில் பட நிற்க வைக்க வேண்டும். உயரத்தில் 2 செ.மீ. கூட்டிப் படித்தாலே 21.6 என்ற பி.எம்.ஐ. 21 ஆகிவிடும்.

எல்லை தாண்டியது நோய் என்று அர்த்தமில்லை, குழந்தைகள் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே அர்த்தம். அவர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் நிலை ஆகியவற்றைப் பார்ப்பார். பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருப்பு இருந்தால் அதையும் சொல்லுங்கள். அழுக்கு என்று நினைத்துப் பல வீடுகளில் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறார்கள், அது போகாது. இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக அது இருக்கலாம்.